தூசி நீக்கப்பட்டது

அன்றைய கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நீள மேஜையின் கிழக்குக் கோடியில் நிலையத்தின் இயக்குநர் முகுந்தன். அவருக்கு வலப்பக்கம், திருச்சி மருத்துவமனையிலிருந்து வந்திருந்த டாக்டர் ஷர்மிளா பானு. இருவருக்கும் எதிரே, கதவை ஒட்டிய நாற்காலியில் கலியபெருமாள். அவர் பக்கத்தில் இளைய மகள் ஓவியா, ஊன்றுகோலை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு. ஐந்தாவது ஆள் ஜெயராக்கினி. மேஜையில் அவளுக்கும் இடம் போட்டிருந்தது. ஆனாலும் அவள் ஏசிக்குக் கீழே, சுவரோரம் கிடந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

யாரை முன்னிட்டு அந்தக் கூட்டமோ, அந்த மூத்த மகள் சுகிர்தா இறந்து அன்றோடு இருபத்துமூன்று நாள் ஆகியிருந்தது.

கலியபெருமாளின் மனைவிக்கு வந்த நோய் இரண்டு பெண்களுக்கும் இறங்கியிருந்தது. முதலில் விரல் நடுங்கும். அப்புறம் நடை தள்ளாடும். கடைசியில் விழுங்கக்கூட முடியாமல் ஆள் முடிந்துபோவார். அந்த அம்மாள் காலத்தில் அதற்கு மருந்து இல்லை. இப்போது வந்திருந்தது. ஒரே ஒரு ஊசி. அதிலிருக்கும் மூலக்கூறு, உடம்பின் டிஎன்ஏ இழையில் கெட்டுப்போன இடத்தைத் தேடிப் போய், அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து அதன் வாயைப் பொத்திவிடும். ஜனங்கள் அதைப் பிடிமருந்து என்றார்கள்.

எல்லாருடைய இழையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே ஊசிக்கு முன்னால் ரத்தத்திலிருந்து இழையைப் பிரித்து, மருந்தைக் கலந்து, அதற்குள் லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பார்ப்பார்கள். ஒளி சிதறுகிற விதத்தை வைத்து, மருந்து இழையைப் பிடித்திருக்கிறதா, விட்டுவிட்டதா, கண்டபடி முடிச்சுப் போட்டுவிட்டதா என்று சொல்லிவிடலாம். ஆறு மாவட்டத்துக்கும் சேர்த்து அந்தச் சோதனை நடந்த இடம், அரியலூருக்கு வெளியே இருந்த இந்த ஒளிப்பொருத்த நிலையம். பதினொரு வருஷமாக அங்கே ஒளியைப் படித்துச் சான்று எழுதுகிறவள் ஜெயராக்கினி. சுகிர்தாவின் சான்றில் ‘பொருந்தும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். ஊசி போட்ட மூன்றாம் நாள் அந்தப் பெண் போய்விட்டாள்.

கூட்டத்தில் டாக்டர் ஷர்மிளா, முதல் நாள் காய்ச்சல் வந்ததையும், இரண்டாம் நாள் சிறுநீரகம் நின்றதையும், அடுத்து ஒவ்வொன்றாக என்னென்ன செய்து பார்த்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். லட்சத்தில் ஒரு உடம்பு இப்படி மருந்தை ஏற்காமல் போகலாம் என்றார் முகுந்தன். கலியபெருமாள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர்கள் முடித்த பிறகு, கேட்க இரண்டு கேள்வி இருப்பதாகச் சொன்னார்.

“எந்த வழியிலயாவது எம் பொண்ணு பொழச்சிருக்குமாங்க? இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. எனக்கு அது போதும்.”

இல்லை என்று முகுந்தன் சொன்னார். அது போதாதவர்போலக் கலியபெருமாள் சுவரோரம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. நீங்கதான கண்ணால பாத்தது.”

“வேற வழி இருந்திருக்காதுங்க ஐயா” என்றாள் ஜெயராக்கினி. அந்த நேரத்தில் அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். தோள்பட்டை கொஞ்சம் இறங்கியது. பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சான்றை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

“இதுல ‘தூசி நீக்கப்பட்டது’ன்னு ஒரு வரி இருக்குதுங்களே. ரத்தம் குடுக்க நான்தான் கூட்டியாந்தேன். ஷிப்ட் முடிஞ்சு நேரா வந்துட்டேன். சிமெண்ட் மூட்டை கட்டுற எடம் நம்மளது. தலை, சட்டை எல்லாம் அப்பிக்கெடக்கும். அந்தத் தூசிதான் எதையாச்சும் கெடுத்துருச்சுங்களா?”

முகுந்தன் அவசரமாக மறுத்தார். அந்த வரி எல்லாருடைய சான்றிலும் தானாகவே அச்சாகிற வரி என்றார். ஒரு பொருள் இரண்டு மடங்கு பெரிதானால் அது சிதறடிக்கும் வெளிச்சம் அறுபத்துநாலு மடங்காகிவிடும். ஆயிரம் இழைகள் மெதுவாகச் சொல்வதை ஒரே ஒரு தூசி கத்திக் கெடுத்துவிடும். அதனால் தூசியின் வெளிச்சத்தை மட்டும் கணக்கிலிருந்து வெட்டி எடுத்துவிடுவார்கள். “உங்க சட்டைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல” என்றார்.

“அடுத்த தடவ வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு வாப்பா” என்றாள் ஓவியா. யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

ஓவியாவுக்கு ஊசி போடும் முறை பதினெட்டாம் தேதி. அவளுக்கும் ‘பொருந்தும்’ என்று சான்று போயிருந்தது. அந்த மருந்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்வார்கள். ஒரு முறையைத் தவறவிட்டால் அடுத்தது வர பதினாலு மாதம் ஆகும். அவளுக்கோ ஒரு மாதமாகத் தண்ணீர் குடித்தால் புரையேற ஆரம்பித்திருந்தது. அவளுடையதை இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு முடிவு செய்கிறேன் என்று கலியபெருமாள் கேட்டுக்கொண்டார். சரி என்றார்கள்.

அரியலூரில் தூசியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஓட்டுநர் இல்லாத லாரிகள் பகல் முழுக்கச் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு போகும். கொடியில் காயும் துணி, வேப்பிலை, பள்ளிக்கூடத்துப் பெஞ்சு எல்லாவற்றின் மேலும் ஒரு சாம்பல் படிந்திருக்கும். நிலையத்துக்கு இரட்டைக் கதவு, காலுறை, வடிகட்டி எல்லாம் இருந்தும் கண்ணாடிக் குப்பிக்குள் எப்படியோ ஒன்றிரண்டு புகுந்துவிடும். ஜெயராக்கினி வேலைக்குச் சேர்ந்த வாரத்தில், இந்த ஊரில் தூசி இல்லையென்றால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று முகுந்தன் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு குப்பியையும் மூன்று முறை ஒளியில் பார்ப்பார்கள். திரையில் ஓடும் கோட்டின் வலது ஓரத்தில் உயரமாக ஒரு மேடு எழுந்தால், தூசி என்று அதை வளைத்து, வெட்டும் பொத்தானை அழுத்துவது வழக்கம். ‘தட்டிவிடுறது’ என்று அவர்களுக்குள் அதற்குப் பெயர். டீ குடித்துக்கொண்டே இடது கையால் செய்கிற வேலை.

சட்டைத் தூசி என்று அந்த மனிதர் கேட்டது மறுநாள் காலையிலும் அவள் மனதில் நெருடிக்கொண்டிருந்தது. அவருடைய தூசி இல்லை என்று காட்டினால் அவருக்கு ஆறுதலாக இருக்குமே என்றுதான் சுகிர்தாவின் வெட்டாத பதிவைத் திறந்தாள்.

முதல் முறை பார்த்ததில் மேடு இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதிலும். மூன்றும் ஒரே இடத்தில். மூன்றாவது மட்டும் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

தூசி அப்படி வராது. ஒரு தடவை பெரிதாக வரும், ஒரு தடவை சின்னதாக, ஒரு தடவை வரவே வராது. வந்த இடத்திலேயே நின்று வளர அதற்குத் தெரியாது. இது இழைதான். மருந்து ஒன்றோடொன்றைக் கட்டி, முடிச்சாக்கி, கட்டியாக்கிய இழை. ஒவ்வொரு மேட்டுக்கும் கீழே இயந்திரம் சின்ன எழுத்தில் குறித்துவைத்திருந்தது: வெட்டியவர் ஜெ.ரா., 11.42. வெட்டியவர் ஜெ.ரா., 11.44. வெட்டியவர் ஜெ.ரா., 11.47.

அவள் எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். திரும்பி வந்து ஓவியாவின் பதிவைத் திறந்தாள். அங்கேயும் மூன்று மேடு, மூன்று ஜெ.ரா.

கட்டி தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது விதிப் புத்தகத்தில் தெளிவாகவே இருந்தது. ‘பொருந்தும்’ என்று எழுதக்கூடாது. மருந்தைத் துளித்துளியாகச் சேர்த்து, எந்த அளவில் முடிச்சு விழுகிறது என்று பார்க்க வேண்டும். உறைபெட்டியில் இருவருடைய குப்பியிலும் மிச்சம் இருந்தது. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூத்தவளுடையதிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு துளி, ஓர் ஒளி, ஒரு குறிப்பு. மருந்தின் முழு அளவில் பத்தில் ஒரு பங்கு சேர்த்தபோது இழையில் பாதிதான் பிடிபட்டது. கால் பங்கு சேர்த்தபோது பிடிக்க வேண்டிய இடமெல்லாம் பிடிபட்டுவிட்டது. மேடு இல்லை. பாதி வரைக்கும் போனாள். அப்போதும் இல்லை. முக்கால் பங்கில் வலது ஓரத்தில் அது எழுந்தது. முழு அளவில் திரையையே அடைத்துக்கொண்டது.

கால் பங்கு போதும் என்று நோட்டில் எழுதினாள். எழுதிய பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. சுகிர்தாவுக்கு ஆகாத மருந்து இல்லை அது. அவளுக்கும் ஆகும் மருந்துதான். அன்றைக்கு அந்த மேட்டைத் தட்டிவிடாமல் இருந்திருந்தால், விதிப்படி இதே சோதனையைச் செய்திருப்பாள். இதே கால் பங்கை எழுதியிருப்பாள். அந்தப் பெண் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பாள்.

மதியம் ஓவியாவின் குப்பியிலும் அதே கால் பங்கு வந்தது. இளையவளைக் காப்பாற்றுகிற செய்தியும், மூத்தவளைக் கொன்றது எது என்கிற செய்தியும் ஒரே காகிதத்தில் ஒரே கோடாக இருந்தன.

முகுந்தன் தன் அறையில் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “நான் சொல்லிக்குடுத்ததுதானே” என்றார் கடைசியில். பிறகு, சோதனை முறை திருத்தப்பட்டது என்று ஒரு வரி போட்டு, சின்னவளுக்குக் கால் பங்கு என்று எழுதிவிடு, பெரியவளைப் பற்றி ஒன்றும் வேண்டாம் என்றார். விஷயம் வெளியே போனால் நிலையத்துக்குப் பூட்டுதான். ஆறு மாவட்டத்தில் இருநூற்றுப் பதினேழு பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள். அவர் அதைத் தனக்காக மட்டும் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

“வழியே இல்லன்னு சொன்னோம்ல, அதை வச்சுத்தான் அந்த மனுஷன் ரெண்டு வாய் சோறு திங்கிறாரு. அதையும் ஏன் பிடுங்கணும் ஜெயராக்கினி?”

 ஆனால் ஜெயராக்கினி டாக்டர் ஷர்மிளாவிடம் ஏற்கெனவே பேசியிருந்தாள். முழு அளவை விட்டுக் குறைக்க வேண்டுமானால் வெறும் ஒரு வரி போதாது என்று அவர் சொல்லியிருந்தார். அக்காவின் வெட்டாத பதிவு வேண்டும், புது ரத்தத்தில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும், நடந்த தவறைச் சொல்லும் திருத்தக் கடிதம் குடும்பத்தின் கைக்குப் போயிருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் முழு ஊசி, அல்லது ஊசியே இல்லை. முகுந்தன் தானும் ஒரு தடவை அவரிடம் பேசிப் பார்த்தார். போனை வைத்துவிட்டு, “ஒளியப் படிச்சவங்கதான் கடிதம் எழுதணும். அதுதான் இங்க வழக்கம். எழுது” என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை அப்பாவும் மகளும் ரத்தம் கொடுக்க வந்தார்கள். கலியபெருமாள் தேய்த்த வெள்ளைச் சட்டையில் இருந்தார். உள்ளே வரலாம் என்று சொல்லியும் வராமல், இரட்டைக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

ரத்தம் எடுக்க ஊசியைச் செருகிக்கொண்டே ஜெயராக்கினி கால் பங்கு விஷயத்தைச் சொன்னாள்.

“கால் பங்குதானா? சின்னவங்கிறதாலயா?” என்றாள் ஓவியா.

“இல்லம்மா. உங்க குடும்பத்து இழைக்கு அவ்வளவு இருந்தாலே போதும்.”

“குடும்பத்துக்கு” என்று அந்தப் பெண் திருப்பிச் சொன்னாள். ரத்தம் குழாயில் ஏறுவதைப் பார்த்தாள். “அப்ப அக்காவுக்கும்.”

ஊசியை உருவிவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்த விரலை ஜெயராக்கினி எடுக்கவில்லை. “ஆமா. நான் பாத்திருக்கணும். பாத்தேன். தூசின்னு நெனச்சு வெட்டிட்டேன்.”

ஓவியா கையை இழுத்துக்கொண்டாள். பஞ்சு கீழே விழுந்தது. இன்னொரு கையால் அந்த இடத்தைப் பொத்திக்கொண்டாள்.

“எனக்குத்தான் மொதல்ல தேதி குடுத்தாங்க. அக்காதான் மாத்திக்கிட்டா. எனக்கு என்ன ஆகுதுன்னு பாத்துட்டு நீ போட்டுக்கடின்னா.”

ஜெயராக்கினி குனிந்து பஞ்சைப் பொறுக்கிக்கொண்டாள்.

“ஏதோ லெட்டர் வரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அத என் பேருக்கு அனுப்புங்க. எனக்கு இருபத்தாறு வயசாச்சு, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம். அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. வேற வழி இல்லன்னு நீங்க சொன்ன அன்னிலேருந்துதான் அவரு தூங்குறாரு.” ஊன்றுகோலை எடுத்து எழுந்து நின்றாள். “உங்கள நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அது வேற, இது வேற.”

ஓவியாவை ஆட்டோவில் ஏற்றிவிட்ட பிறகு, தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டதாகச் சொல்லிக் கலியபெருமாள் திரும்பி வந்தார். பாட்டில் அவர் தோள் பையிலேயே துருத்திக்கொண்டிருந்தது. இந்த முறை அவர் கதவுக்கு உள்ளேயே வந்தார்.

“சின்னவ சொன்னா, கால் பங்குன்னு. முப்பது வருஷமா மூட்டைக்கு எடை புடிக்கிறவன் நான். பெரியவளுக்கு முழுசா போட்டாங்க. அப்படின்னா நாலு மடங்கு.”

அவள் பேச ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“வாயால சொல்லாதீங்கம்மா, கேக்க முடியாது. எழுதுங்க. எம் பேருக்கு மட்டும் எழுதுங்க. அக்கா உசுரக் குடுத்து வாங்குன ஊசின்னு சின்னவளுக்குத் தெரிஞ்சா, வேணாம்னு சொல்லிடுவா. அவளுக்குத் தெரியாமயே இருக்கட்டும்.” கதவைத் திறந்து, பிறகு நின்று, “ஆட்டோ நிக்குது” என்று யாரோ கேட்டதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட முறையிலேதான் அவளுக்கு எழுத வரும். அனுப்புநர் இடத்தில் தன் பெயரையும் பதவியையும் எழுதினாள். பெறுநர் இடத்தை விட்டுவைத்தாள்.

யாருக்கு எழுதினாலும் ஒருவர் கேட்டதைச் செய்ததாகிவிடும். அது நல்ல காரியம் போலவும் இருக்கும். ஆனால் எழுதியதும் என்ன நடக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். இரண்டே அறை உள்ள வீடு. ஒருவர் கடிதத்தை அரிசி டின்னுக்கு அடியிலோ புடவை மடிப்பிலோ ஒளித்துவைப்பார். இன்னொருவருக்கும் அது தெரிந்தே இருக்கும், தெரியாதது போல் சாப்பிட உட்காருவார். செத்துப்போனவள் பெயரை ஒருவர் முன்னால் ஒருவர் எடுக்கவே மாட்டார்கள். ஜெயராக்கினி செய்த தவறை மூடிவைக்கிற வேலையை, அதனால் பெண்ணைப் பறிகொடுத்தவர்கள் ஆயுசுக்கும் செய்துகொண்டிருப்பார்கள்.

மூன்று தாளைக் கிழித்தாள். நாலாவது தாளில் எழுதினாள்:

‘மார்ச் 3ஆம் தேதி காலை 11.42, 11.44, 11.47 ஆகிய மூன்று நேரங்களில் நான் வெட்டியது தூசி அல்ல. அது சுகிர்தாவின் இழையில் மருந்து போட்ட முடிச்சு. வெட்டியவள் நான். மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதை நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கால் பங்கு என்று எழுதியிருப்பேன். கால் பங்கு கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று இணைத்துள்ள சோதனை காட்டுகிறது. கூட்டத்தில் வேறு வழி இருந்திருக்காது என்று நான் சொன்னது உண்மை அல்ல. வழி இருந்தது.

கலியபெருமாள் அவர்களின் சட்டையில் இருந்த எதுவும் குப்பிக்குள் போகவில்லை. அதையும் சோதித்துவிட்டேன்.

ஓவியாவுக்குக் கால் பங்கு பொருந்தும். நேற்று எடுத்த ரத்தத்தையும் வைத்து நான்கு முறை பார்த்தேன். எதையும் வெட்டவில்லை. பதினெட்டாம் தேதி ஊசியைத் தவறவிட வேண்டாம்.

இந்தக் கடிதத்தைத் தமக்கு மட்டும் அனுப்பும்படி உங்கள் இருவரில் ஒருவர் என்னிடம் கேட்டுக்கொண்டார். மற்றவரும் அதையே கேட்டுக்கொண்டார். இருவருக்கும் ஏற்கெனவே தெரியும். இதைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை. இருந்தும் கேட்கிறேன்.’

மன்னிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினாள். அதைப் படித்துப் பார்த்து, கேட்பதற்கு இன்னும் ஒன்றா என்று நினைத்து, அடித்துவிட்டாள். அடித்தது தெரியும்படியே விட்டாள். புதுத் தாளில் திரும்ப எழுதவில்லை. கடிதத்தின் நகலொன்றையும் சுகிர்தாவின் வெட்டாத பதிவையும் டாக்டர் ஷர்மிளாவுக்கு அனுப்பினாள். இன்னொரு நகலை முகுந்தனின் மேஜையில் வைத்தாள். அவர் அதைத் தொடாமல், எழுந்து ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டார்.

தபாலாபீஸில் கூட்டமில்லை. உறையின் மேல், பெறுநருக்கு அடியில், கலியபெருமாள் என்று ஒரு வரியும் ஓவியா என்று ஒரு வரியும் எழுதியிருந்தாள். கவுண்டரில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, பதிவுத் தபாலுக்கு ஒரு பெயர்தான் போடுவார்கள், யார் கையெழுத்துப் போட்டு வாங்குவார்கள் என்று கேட்டாள்.

“வீட்ல யார் இருந்தாலும் குடுக்கட்டும்ங்க. ரெண்டு பேருக்கும்தான்.”

அந்தப் பெண் தோளைக் குலுக்கிவிட்டு இரண்டு பெயரையும் தட்டச்சு செய்தாள். உறை இன்னும் ஒட்டியிருக்கவில்லை. ஜெயராக்கினி பசையைத் தடவி, மடிப்பை மடக்கி, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கட்டைவிரலால் நீவினாள். மூலையில் தூக்கிக்கொண்டது. திரும்ப அழுத்தி, பிடிக்கும்வரை வைத்திருந்தாள். பிறகு கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள். முத்திரை விழுந்தது. உறை மற்ற தபால்களோடு சாக்குக்குள் போயிற்று. ஒருவர் வந்து சாக்கின் வாயைக் கட்டி, பதினொன்றரை வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.